சிறப்புப் பட்டமும் சிறைப்பட்ட அறிவும்

ஒவ்வோராண்டும் முதலாம் வருடப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியானதும் எமது பல்கலைக்கழகக் கலைப்பீடங்களிலே ஒரு சிறு சந்தை கூடுகின்றது. இன்ன துறைக்கு இத்தனை பேர், இன்ன பாடத்துக்கு இத்தனை புள்ளி என்று பேரம் நடக்கின்றது. மாணவன் கையில் ஒரு படிவம் கொடுக்கப்படுகின்றது. அதிலே ஒரு பாடத்தை எழுதினால் நான்கு வருடச் சிறப்புக் கலைமாணி. பல பாடங்களை எழுதினால் மூன்று வருடப் பொதுக் கலைமாணி. முன்னது மேற்குலம், பின்னது கீழ்க்குலம் என்பது எங்கும் எழுதப்படாத, ஆயினும் எல்லோரும் கைக்கொள்ளும் சட்டம். இரண்டு பாடங்களைச் சரிசமமாக எடுத்து, இரண்டையும் இறுதிவரை ஆழக் கற்கலாமா என்று ஒருவன் கேட்டுவிட்டால், பெரும்பாலான துறைகளில் அவனை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். "எதற்கு வீண் வேலை?" என்பதே அவனுக்குக் கிடைக்கும் மறுமொழி.

இரு பாடச் சிறப்புப் படிப்பு வேண்டுமா, வேண்டாமா என்ற இக்கேள்வியை நாம் ஒரு மாணவனின் தனிப்பட்ட விருப்பாகவோ வீட்டுக் கவலையாகவோ மட்டும் கருதவில்லை. அறிவை யார், எதற்காக, எந்த வேலிக்குள் வைத்திருக்கிறார்கள் என்ற பெரிய கேள்வியின் சிறிய வாசல் இது. ஆகையால் இதுபற்றி வெளிப்படையாகவும் சற்றுக் கடுமையாகவும் பேசவே விரும்புகின்றோம்.

இவ்விடயத்தில் மாணவனுக்குப் புத்தி சொல்ல இரு கூட்டத்தார் காத்திருக்கின்றனர். ஒரு சாரார் பழைய பண்டித மரபின் வாரிசுகள். "அகல உழுவதிலும் ஆழ உழு" என்ற பழமொழியை அவர்கள் வேதவாக்காக எடுத்து நீட்டுவர். மறு சாரார் புதிய சந்தையின் முகவர்கள். "இரண்டு பாடம் இருந்தால் இரண்டு கதவு திறக்கும், ஒன்றில் வேலை இல்லாவிட்டால் மற்றதில் கிடைக்கும்" என்பது அவர்கள் உபதேசம். முதலாமவர் வேண்டாம் என்பர். இரண்டாமவர் வேண்டும் என்பர். நாம் இரண்டாமவரின் முடிவை ஏற்றுக்கொள்கின்றோம். அவர்கள் கூறும் காரணத்தை அடியோடு நிராகரிக்கின்றோம். முதலாமவரின் அக்கறையை மதிக்கின்றோம். அவர்களுடைய முடிவை ஏற்க எம்மால் இயலாது.

ஆழ உழச் சொன்ன உழவன் வயலின் நடுவே மதில் கட்டச் சொல்லவில்லை. ஒரு பாடத்தின் ஆழம் என்பது என்ன? தமிழ்ச் சிறப்புப் பட்டத்துக்குப் படிக்கும் ஒருவனை எடுத்துக்கொள்வோம். அவனுக்கு மலையக நாட்டார் பாடல்கள் பாடமாக இருக்கின்றன. தொழிலாளரிடையே வழங்கிய பாடல்களைச் சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் தேடித் திரட்டி, 1983ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். அப்பாடல்களிலே கங்காணி வருகிறான், துரை வருகிறான், கோப்பித் தோட்டம் வருகிறது, பேர் பதிதல் வருகிறது. மாணவன் இவற்றில் உவமையைத் தேடுகிறான்; மோனையைத் தேடுகிறான்; "துன்பச்சுவை மிகுந்து காணப்படுகின்றது" என்று விடைத்தாளில் எழுதிப் புள்ளியும் பெறுகிறான். கோப்பிப் பயிரை 1869இல் தோன்றிய இலைநோய் எவ்வாறு அழித்தது, கோப்பியின் இடத்தைத் தேயிலை எவ்வாறு பிடித்தது, பருவத்துக்கு வந்து பருவத்தோடு திரும்பிய கூலியாள் தேயிலை வந்தபின் ஆண்டு முழுவதும் லயத்திலேயே கட்டுண்டது ஏன் என்பன அவனுடைய பாடத்திட்டத்தில் இல்லை. அவை பொருளாதார வரலாற்றுக்காரரின் சொத்து. அதே பீடத்தில், அதே கட்டிடத்தின் மறு மாடியில், வரலாற்று மாணவனொருவன் 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தைப் படிக்கிறான். இலட்சக்கணக்கானோர் ஒரே கையெழுத்தில் நாடற்றோரானதை வாக்கெடுப்புக் கணக்காக மனனம் செய்கிறான். அந்த மக்கள் பாடினார்கள் என்பது அவனுக்குத் தெரியாது. இருவரும் சிற்றுண்டிச்சாலையில் ஒரே மேசையிலிருந்து தேநீர் அருந்துகின்றனர். தேநீரைப் பற்றிக்கூட அவர்களுக்குள் பேச்சு எழுவதில்லை!

இதையா ஆழம் என்கிறீர்கள்?

பாடல் பிறந்த வயிற்றை அறியாமல் பாடலின் எலும்பை எண்ணுவது ஆழமாகாது. பக்தி இலக்கியத்தின் நிலையும் இதுவே. தேவாரத்தைப் பண்முறையாகவும் தலமுறையாகவும் பகுத்துக் கற்கும் எம் மாணவன், அந்தக் கோயில்களின் சுவர்களிலே பிரமதேயம், தேவதானம் என்று வெட்டிவைத்திருக்கும் நிலக்கொடைச் சாசனங்களை ஒருமுறையேனும் வாசித்ததில்லை. சாசனம் வரலாற்றுத் துறையின் உடைமையாம்! கல்லில் பொறித்திருப்பது தமிழ்தானே ஐயா என்று கேட்டால், அது வேறு அலகு, வேறு நேரசூசி என்று விடை வருகின்றது.

இப்படிப் பிரித்துக் கற்றவர்கள் அல்லர் எமது துறையின் முன்னோடிகள் என்பதை நினைவூட்டவேண்டியிருக்கிறது. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராக 1943இல் அமர்ந்தவர் விபுலாநந்த அடிகள். காரைதீவில் 1892இல் பிறந்த அவர் கொழும்பு அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியிலே விஞ்ஞானம் கற்று, பின்னர் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டம் பெற்றவர். விஞ்ஞான ஆசிரியராகக் கடமையாற்றியவர். அதே காலத்தில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலும் தேறியவர். அவருடைய யாழ்நூல் 1947இல் வெளியாயிற்று. சிலப்பதிகார அரங்கேற்று காதையைப் பொருள் கண்டு படிக்கத் தெரிந்த தமிழறிவு ஒருபுறம். நரம்பின் நீளத்துக்கும் ஒலியின் அலைவெண்ணுக்குமுள்ள விகிதத்தைக் கணக்கிடத் தெரிந்த பௌதிக அறிவு மறுபுறம். இவ்விரண்டும் ஒரே மண்டைக்குள் இருந்தபடியாலேயே, வழக்கொழிந்து போன கருவியொன்றை எழுத்திலிருந்து மீட்டெடுக்க அவரால் முடிந்தது. பண்டிதர் ஒருவரையும் பௌதிகர் ஒருவரையும் அருகருகே இருத்திவிட்டிருந்தால் அந்நூல் பிறந்திருக்காது. எந்த இடத்தில் எதைக் கேட்கவேண்டும் என்பதே இருவருக்கும் தெரிந்திராது.

இன்றைய நியமன விதிகளின்படி, துறைசார்ந்த சிறப்புப் பட்டம் இல்லாத காரணத்தால், அடிகளார் தமிழ்த் துறையிலே தகுதிகாண் விரிவுரையாளர் பதவிக்கு விண்ணப்பித்தால் அவருடைய கடிதம் குப்பைக்கூடைக்கே போகும். அவர் படத்துக்கு மட்டும் ஆண்டுதோறும் மாலை சூட்டுகின்றோம்!

இந்திய வரலாற்றியலைப் புரட்டிப்போட்ட டி. டி. கோசாம்பி அவர்களும் தொழிலால் கணித அறிஞர். தட்சசீலத்தில் கிடைத்த முத்திரை குத்திய நாணயங்களை ஒவ்வொன்றாகத் தராசிலிட்டு, கைமாறக் கைமாற நாணயம் எவ்வளவு தேய்கிறது என்பதைப் புள்ளிவிபர முறையால் கணக்கிட்டு, அவற்றின் கால வரிசையை நிறுவ முயன்றவர். அதே மனிதர் பர்த்ருஹரியின் வடமொழிச் செய்யுட்களைப் பல சுவடிகளோடு ஒப்பிட்டுப் பதிப்பித்தார். 1956இல் வெளியான அவரது இந்திய வரலாற்று ஆய்வுக்கான முன்னுரை நூல், அரசர் பட்டியலாகக் கிடந்த வரலாற்றை உற்பத்தி உறவுகளின் வரலாறாக மாற்றிக் காட்டிற்று. கணிதமும் மொழியியலும் களஆய்வும் மார்க்சியமும் அவரிடத்தில் வெவ்வேறு அலுமாரிகளில் இருக்கவில்லை.

நிற்க. எதிர்க்கட்சியார் இவ்விடத்தில் ஒரு நியாயமான ஆட்சேபத்தைக் கிளப்பக்கூடும். "பேராசிரியர் கைலாசபதியைப் பாருங்கள். பேராதனையில் தமிழையே சிறப்புப் பாடமாகக் கற்று 1957இல் முதல் வகுப்பில் தேறியவர். ஒன்றில் வேரூன்றிய பின்னரல்லவா அவர் மற்றவற்றுக்குக் கிளை விட்டார்?" என்பர். உண்மையே. இந்த வாதத்தை நாம் இலேசாகத் தள்ளவில்லை. இரு பாடம் என்ற பெயரில் இரண்டிலும் அரைகுறையாக நிற்பதைவிட ஒன்றிலே கால் ஊன்றுவது மேல் என்பதில் ஐயமில்லை.

ஆனால், அந்தக் கிளை எங்கே விட்டது என்பதையும் கேட்கவேண்டும். பேர்மிங்காம் பல்கலைக்கழகத்திலே, கிரேக்க மொழிப் பேராசிரியரும் மார்க்சிய அறிஞருமான ஜோர்ஜ் தொம்சனின் வழிகாட்டலில் அது விட்டது. கிரேக்க வீரயுகப் பாடல்களோடு சங்கப் பாடல்களை ஒப்பிட்ட அவ்வாய்வு 1968இல் ஒக்ஸ்போர்ட்டில் நூலாக வெளிவந்தபோது, தமிழியலுக்கு ஒரு புதிய சாளரம் திறந்தது. பேராசிரியர் சிவத்தம்பி அவர்களுக்கும் அதே பேர்மிங்காம், அதே தொம்சன். பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் என்னும் அவரது ஆய்வு அங்கேதான் உருவாயிற்று. இரண்டாவது அறிவுத்துறை அவர்களுக்கு வாய்த்தது, கடல் கடந்து செல்லும் வாய்ப்பு வந்தபோது. பேராற்றல் படைத்த இருவருக்கு அது வாய்த்ததையிட்டு மகிழ்கின்றோம். ஆயின், பேர்மிங்காமுக்குப் போகாத ஆயிரவர் என்ன செய்வது?

எமது வாதத்தின் மையம் இதுவே. வசதி படைத்த வீட்டுப் பிள்ளைக்கு இரண்டாவது பாடம் எப்பொழுதும் கிடைக்கும். பட்டம் முடிந்தபின் வெளிநாட்டில் கிடைக்கும். கட்டணம் செலுத்திப் பெறும் முதுமாணி நெறியில் கிடைக்கும். வீட்டு நூலகத்தில் கிடைக்கும். தகப்பனாரின் நண்பர் வட்டத்தில் கிடைக்கும். தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கோ, விவசாயி வீட்டுப் பிள்ளைக்கோ இளமாணிக் காலமே அறிவோடு முழுநேரம் வாழக் கிடைக்கும் ஒரே காலம். அது முடிந்த மறுநாள் அவன் தம்பியின் படிப்பையும் தங்கையின் கலியாணத்தையும் தோளில் ஏற்றுகிறான். கன்னங்கராவின் அறிக்கை 1943இல் வெளியாகி, 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோது, பல்கலைக்கழக வாசல்வரை அந்தப் பிள்ளைக்குப் பாதை திறந்தது. வாசலுக்குள் வந்தவனை ஒற்றை அறைக்குள் பூட்டி வைத்துவிட்டு, மற்ற அறைகளுக்குப் பின்னொரு நாளில் காசு கொடுத்து நுழைந்துகொள் என்று சொல்வது இலவசக் கல்வியின் அரைவாசியைக் களவாடுவதாகும்.

ஏகாதிபத்தியம் இவ்விடயத்தில் எம்மவரைவிடக் கெட்டித்தனமாக நடந்துகொண்டது. இங்கே 1921இல் தொடங்கப்பட்ட பல்கலைக்கழகக் கல்லூரி, இலண்டன் பரீட்சைகளுக்கு மாணவரை ஆயத்தம் செய்யும் பட்டறையாக இயங்கத் தொடங்கியது. அதற்கு ஒரு வருடம் முன்பே, 1920இல், ஒக்ஸ்போர்ட்டிலே தத்துவம், அரசியல், பொருளாதாரம் மூன்றையும் ஒரே பட்டமாகப் பிணைத்த நெறியொன்று ஆரம்பமாயிற்று. ஆளப் பிறந்தவர்கள் என்று தாம் கருதியவர்களுக்கு அவர்கள் உலகை முழுதாகக் காட்ட விரும்பினார்கள். அந்நெறியிற் கற்றோர் பலர் பிரித்தானியப் பிரதமர்களாயினர். எழுதுவினைஞனுக்கு ஒரு துண்டு போதும். எசமானனுக்கு முழுப்படம் வேண்டும் என்ற இந்த இரகசியத்தை எம் கல்விமான்கள் இன்னும் விளங்கிக்கொள்ளவில்லை என்று சொல்ல மனம் வரவில்லை. விளங்கியும் வாளாவிருக்கின்றனர் என்றே எண்ணத் தோன்றுகின்றது.

எமக்குத் தெரிந்த மாணவி ஒருத்தியின் கதையை இவ்விடத்திற் கூறுவது பொருத்தம். கரையோரக் கிராமமொன்றிலிருந்து, எம்மிடம் உயர்தரம் கற்றுப் பல்கலைக்கழகம் சென்றவள். தகப்பன் கரைவலைத் தொழிலாளி. முதலாம் வருடத்தில் தமிழிலும் பொருளியலிலும் ஏறக்குறைய ஒரே அளவில் மிகச் சிறந்த புள்ளிகளைப் பெற்றாள். விடுமுறையில் எம்மைக் காண வந்து, "சேர், அப்பா ஆக்கள் வலை இழுக்கேக்கை படிக்கிற அம்பாப் பாட்டையும், சம்மாட்டியார் பங்கு பிரிக்கிற கணக்கையும் சேர்த்து ஆராய வேணும் எண்டு ஆசை. ரெண்டு பாடமும் வேணும். விடுவினமோ?" என்று கேட்டாள்.

இதைவிடச் சிறந்த ஆய்வுக் கேள்வியொன்றை நாம் அண்மையில் கேட்டதில்லை. அம்பாப் பாடல் வலையின் பாரத்தோடு ஏறி இறங்குவது. வலை கரை சேர்ந்ததும் பாட்டு ஓய்கிறது. பங்குக் கணக்கு ஆரம்பமாகிறது. வலைக்கு ஒரு பங்கு, தோணிக்கு ஒரு பங்கு, முற்பணக் கடனுக்குக் கழிவு; எஞ்சியதே பாடியவனுக்கு. பாட்டையும் கணக்கையும் ஒருவரே அருகருகே வைத்துப் பார்க்கும்பொழுதுதான், அந்தப் பாட்டிலே ஓரிடத்தில் வரும் ஏளனச் சிரிப்பு யாரைப் பார்த்துச் சிரிக்கப்பட்டது என்பது புலனாகும்.

விடவில்லை. சட்டத்தில் தடை இருந்ததா என்றால் அதுவுமில்லை. இரண்டு துறைகளின் கட்டாய விரிவுரைகளும் ஒரே நேரத்தில் இடப்பட்டிருந்தன. ஒரு துறையார் மற்றத் துறையாரைக் கேட்கச் சொன்னார்கள். அவர்கள் பீடாதிபதி அலுவலகத்தைக் கேட்கச் சொன்னார்கள். படிவத்தின் இறுதி நாள் வந்தது. அவள் தமிழ்ச் சிறப்பு என்று எழுதிக் கொடுத்தாள். இன்று நன்றாகவே படிக்கிறாள். அம்பாப் பாடல்களின் ஓசைநயம் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறாள். பங்குக் கணக்கு அதில் இல்லை.

துறைகள் ஏன் இவ்வாறு நடந்துகொள்கின்றன? விரிவுரையாளர் கெட்டவர் என்று நாம் சொல்லவில்லை. அவர்களிற் பலர் நல்லாசிரியர். சிலர் எம் நண்பர்கள். ஆயினும் துறை என்பது ஒரு குறுநிலம். சிறப்புப் பாடத்துக்கு எத்தனை தலை என்பதைக் காட்டியே அது ஆளணி கேட்கின்றது, அறை கேட்கின்றது, மதிப்புக் கேட்கின்றது. இரண்டு துறைக்கும் பொதுவான மாணவன் இருவருக்கும் அரைத்தலை. அரைத்தலைக்காக எந்தக் குறுநில மன்னன் எல்லைக் கதவைத் திறப்பான்?

இனி, சந்தையின் முகவரிடம் வருவோம். இவர்கள் இரு பாடப் படிப்பைச் சிபாரிசு செய்வதைக் கண்டு எம்மவரிற் சிலர் மயங்குகின்றனர். மயங்கவேண்டாம். இவர்களுக்கு இரண்டாவது பாடம் சட்டையில் குத்தும் இன்னொரு பதக்கம். 2017ஆம் ஆண்டிலே மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்காகத் தெருவோரப் பந்தல்களில் குந்தியிருந்ததை நாம் கண்டோம். அவர்களுக்குப் பாடம் போதாமையாலா வேலை கிடைக்கவில்லை? 2020இல் அரசாங்கம் நாடெங்கும் ஏறக்குறைய ஐம்பதினாயிரம் பட்டதாரிகளைப் பயிலுநராக உள்ளெடுத்தபோது, அவர்களிற் பலரை என்ன கற்றாய் என்று கேளாமலே அலுவலகக் கதிரைகளில் இருத்தினார்கள். வேலையின்மைக்குக் காரணம் பொருளாதார அமைப்பு. அதற்குரிய பழியை மாணவனின் பாடத்தெரிவின் மீது சுமத்தி, "நீ இன்னும் ஒரு பாடம் எடுத்திருக்கலாம்" என்று சொல்வது கொடுமை. வேலை நிச்சயம் என்று நம்பி இரு பாடம் எடுப்பவனுக்கு நாம் எந்த உத்தரவாதமும் கொடுக்கமாட்டோம்.

ஆயினும், ஆசிரியத் தொழிலைப் பொறுத்தவரை ஒன்றைச் சொல்லலாம். எமது கஷ்டப் பிரதேசப் பாடசாலைகளின் நிலையை அறிந்தவர் யாவரும் ஒப்புக்கொள்வர்: அங்கே தமிழாசிரியர் தமிழ் மட்டும் கற்பிப்பதில்லை. வரலாறு சாதாரண தரத்துக்குக் கட்டாய பாடம், வரலாற்றாசிரியர் இல்லை. ஆகவே நன்னூல் படித்தவர் பொலன்னறுவைக் காலத்தைக் கற்பிக்கிறார். எப்படிக் கற்பிக்கிறார்? பாடநூலை உரக்க வாசிக்கச் சொல்லி, வினாவுக்கு விடை கோடிடச் சொல்லிக் கற்பிக்கிறார். வேறென்ன செய்வார்? அவர் கற்ற பல்கலைக்கழகம் அவருக்கு வரலாற்றின் முறையைக் கற்பிக்கவில்லை. ஒரு மூலாதாரத்தை எப்படி ஐயுறுவது என்று சொல்லித்தரவில்லை. பாடசாலை இரு பாட ஆசிரியனை நாள்தோறும் கேட்டுக்கொண்டிருக்கிறது. பல்கலைக்கழகம் ஒரு பாட நிபுணனை உற்பத்தி செய்துகொண்டிருக்கிறது. இடையிலே நட்டப்படுபவன் எட்டாம் வகுப்புப் பையன்.

மொழிக்கும் இதனால் பெருநட்டம். 1960ஆம் ஆண்டளவில் இலங்கைப் பல்கலைக்கழகக் கலைப் பாடங்கள் தாய்மொழியிற் கற்பிக்கப்படத் தொடங்கின. அது மக்கள் பெற்ற வெற்றி. ஆனால் இன்றும் பொருளியலையோ சமூகவியலையோ நல்ல தமிழில், நிலவுடைமை முதல் நாணயக் கொள்கை வரை, தடங்கலின்றி எழுதக்கூடியவர் எத்தனை பேர்? பொருளியல் அறிந்தவருக்குத் தமிழ் நடை கைவரவில்லை. தமிழ் நடை கைவந்தவருக்குப் பொருளியல் அந்நியம். 19ஆம் நூற்றாண்டிலே மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன், தமக்கு அந்நியமான தமிழைக் கற்று, மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். மதம் பரப்ப வந்தவர்தான். அது வேறு கதை. துறையறிவும் மொழியறிவும் ஓரிடத்தில் கூடினாலன்றித் துறைத்தமிழ் பிறவாது என்பதற்கு அவர் செய்த வேலை சாட்சி. தமிழும் பொருளியலும், தமிழும் புவியியலும், தமிழும் அரசறிவியலும் ஒருங்கே கற்ற பட்டதாரிகள் ஆண்டுக்கு ஐம்பது பேர் வெளிவந்தால், பாடநூல்களின் தமிழ் பத்தாண்டில் வேறு தமிழாகிவிடும்.

அப்படியானால் எல்லோரும் இரு பாடம் எடுக்கவேண்டுமா? வேண்டியதில்லை. இரு பாடங்களுக்கிடையே ஒரு கேள்வி இருக்கவேண்டும். கரைவலை மாணவிக்கு இருந்ததுபோல, ஒரு பாடத்தால் மட்டும் விடை காணமுடியாத கேள்வி. அது இல்லாமல், இரண்டிலும் புள்ளி வந்தது என்பதற்காக எடுப்பவன் இரண்டு சுமை தூக்கும் கூலியாவான். இன்னொரு கூட்டம் இருக்கிறது: தமிழுக்குத் தயாரித்த குறிப்பையே சிறிது மாற்றி இந்து நாகரிக விடைத்தாளிலும் எழுதிவிடலாம் என்பதற்காக அவ்விரண்டையும் சேர்ப்பவர்கள். அதிலே பாடம் இரண்டு, படிப்பு ஒன்று. இலக்கணத்திலேயே, அல்லது சுவடிப் பதிப்பிலேயே உயிரை வைத்த மாணவன் ஒருவன் இருப்பின், அவன் ஒரு பாடத்தையே எடுக்கட்டும். அவனைப் போன்ற சிலர் எமக்குக் கட்டாயம் வேண்டும். நாம் எதிர்ப்பது ஒரு பாடத்தை விரும்புபவனை அன்று, இரு பாடத்தை விரும்புபவனுக்குக் கதவடைப்பவரையே.

காலக் கணக்கையும் மாணவர் நேர்மையாகப் பார்க்கவேண்டும். இன்றைய தேசிய தகைமைச் சட்டகத்தின்படி நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்கு 120 'கிரெடிட்' அலகுகள், வருடத்துக்கு முப்பது. ஓர் அலகுக்கு ஐம்பது மணி நேரக் கற்றல் என்பது கணக்கு. ஆக வருடத்துக்கு 1500 மணி நேரம். இரு அரையாண்டுகளின் முப்பது வாரங்களுக்குப் பங்கிட்டால் வாரத்துக்கு ஐம்பது மணி நேரம். இது ஏற்கெனவே ஒரு முழுத் தொழிலாளியின் உழைப்பைவிட அதிகம். இதற்குமேல் இரண்டாவது பாடத்துக்காக வருடத்துக்குப் பத்து அலகை ஏற்றினால், வாரத்துக்கு இன்னும் பதினேழு மணி நேரம் வரும். மாலையில் தனியார் கல்வி நிலையத்தில் வகுப்பெடுத்து விடுதிச் செலவைச் சமாளிக்கும் மாணவனுக்கு அந்தப் பதினேழு மணி எங்கிருந்து வரும்? உறக்கத்திலிருந்துதான். ஆகவே "மேலதிகமாக எடுத்துக்கொள்" என்று பெருந்தன்மையோடு சொல்லும் ஏற்பாடு எமக்கு வேண்டாம். அது வசதியுள்ளவனுக்கு மட்டும் திறக்கும் கதவு. இரு பாடமும் அதே 120 அலகுக்குள் அடங்கவேண்டும். இரண்டு துறையும் தத்தம் கட்டாய அலகுகளில் சிலவற்றைக் கைவிட்டு இடம் விடவேண்டும். கைவிட முடியாதவை எவை என்று அவர்கள் உட்கார்ந்து விவாதிக்கட்டும். அந்த விவாதம் நடந்தாலே பாதிப் பாடத்திட்டத்தின் பழைய தூசி பறக்கும்.

நான்காம் வருட ஆய்வேடு ஒன்றாக இருக்கவேண்டும், இரு துறையிலிருந்தும் ஒவ்வொரு மேற்பார்வையாளரோடு. இரண்டு ஆய்வேடு கேட்பது மாணவனை விரட்டும் தந்திரம். இரு பாடப் பட்டதாரி இரு துறையிலும் முதுமாணிக்குப் பதியவும் விரிவுரையாளர் பதவிக்கு விண்ணப்பிக்கவும் உரிமை பெறவேண்டும். இது எழுத்தில் இல்லாவிட்டால், நான்கு வருடம் உழைத்தவனை "நீ எங்கள் ஆள் இல்லை" என்று இரு வீட்டாரும் வாசலில் நிறுத்திவிடுவர். சில விஞ்ஞான பீடங்களில் இரு பாடங்களை இணைத்துக் கற்கும் ஏற்பாடு நடைமுறையில் இருக்கிறது. பௌதிகத்துக்கும் கணிதத்துக்கும் கூடிய சம்பந்தம் தமிழுக்கும் வரலாற்றுக்கும் கூடாது என்று யார் விதித்தார்?

இந்த ஆண்டு படிவம் நிரப்ப இருக்கும் மாணவரும் மாணவியரும் தனித்தனியே துறைத்தலைவர் அறை வாசலில் காத்து நிற்பதை விடுக. ஒரே விருப்பமுடைய பத்துப் பேர் சேர்க. எந்த இரு பாடங்கள், எந்த விரிவுரைகள் ஒன்றோடொன்று மோதுகின்றன என்று நேரசூசியை வைத்துக் குறித்துக்கொள்க. இரு துறைகளுக்கும் பீடாதிபதிக்கும் எழுத்திலே மனுக் கொடுத்து, மறுமொழியையும் எழுத்திலே கேட்க. மாணவர் ஒன்றியம் விடுதிச் சாப்பாட்டுக்காகப் போராடுவதுபோல் இதற்காகவும் போராடலாம், இதுவும் பசிதான். படிவத்தின் இறுதி நாள் நெருங்கிய பின் பேச்சுவார்த்தைக்கு நேரமில்லை என்று சொல்வார்கள். ஆகையால் பெறுபேறு வருமுன்னரே, முதலாம் வருடத்தின் இரண்டாம் அரையாண்டிலேயே தொடங்குக.